இருபதாவது அட்டை

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவரை வழியில் பார்த்தால் எதையாவது கேட்டாக வேண்டும். பையோடு பஸ்ஸுக்கு நிற்பவரைப் பார்த்து, "இன்னா, ஊருக்கா?" என்போம். ஈரத் தலையோடு வருகிறவளிடம், "குளிச்சிட்டு வரியா?" என்போம். வாயில் சோற்றை வைத்துக்கொண்டிருப்பவனிடமே, "இன்னா, சாப்பிடறியா?" என்போம். பதிலுக்காகக் கேட்பதில்லை. கேட்காமல் தாண்டிப் போனால் அது குற்றம். பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறாள் பார் என்று பேச்சு வந்துவிடும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த அந்த டீச்சர் இந்த மாதிரிக் கேள்விக்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவரும் ஒருவரை அப்படிக் கேட்டதில்லை.

முதல் நாள் உத்திரமேரூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. மாட்டுத் தோல் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. டீக்கடைக் கன்னியப்பன் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "இன்னா டீச்சர், இஸ்கூலுக்கா?" என்றான். அவர் நின்றார். அவனையே பார்த்தார்.

"டீச்சர்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் எங்க போவேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்கிற மாதிரி சொன்னார். கன்னியப்பன் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "வந்துகீது பாரு ஒரு டீச்சரு. மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டா நம்பளையே மடக்குது."

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சோறாக்கினவள். இருபத்திரண்டு வருடம் ஆக்கினேன். என் சாம்பாரைக் குறை சொன்னவர் கிடையாது. டீச்சருக்கும் ஒரு தட்டு போட்டுக் கொடுத்துவிட்டு, "நல்லாகீதா?" என்றேன். எனக்குத் தெரியாததைத்தானே கேட்டேன், அதனால் பதில் சொன்னார். "உப்பு கம்மி" என்றார்.

மறுநாள் நான் உப்பைக் கூட்டவில்லை. நேற்று வந்தவர் சொல்லி நான் மாற்றுவதா? மூன்றாம் நாள் கூட்டினேன். அவர் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

பள்ளிக்கூடம் என்றால் ஏரிக்கரைக்குக் கீழே இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு புங்கமரம். பெரிய சார் ஒருவர், இந்த டீச்சர் ஒருவர். டீச்சர் வருவதற்கு முந்தின சித்திரையில் பெரிய சார் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். அந்தச் சங்கதியை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை.

"ஆயாம்மா, எப்படி எண்ணினாலும் பத்தொம்போதுதான் தேறுது. இருபது இல்லன்னா மூடிட்டு ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற இஸ்கூலோட சேத்துடுவாங்கன்னு பேச்சு. புள்ளைங்க கல் குவாரி லாரி போற ரோட்டைத் தாண்டணும். உனக்கும் வேலை இருக்காது. ஒரு பேரு சொல்லு."

"இன்னா பேரு?"

"எதுனா ஒரு பொண்ணு பேரு. ஒண்ணாங்கிளாஸ்ல எழுதிக்கிறேன். மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"அஞ்சலை" என்றேன்.

சார் சிரித்தார். "இந்தக் காலத்துல எவ பொண்ணுக்கு அஞ்சலைன்னு பேரு வெக்கிறா? ஹாசினி, தர்ஷினின்னு எதுனா சொல்லேன்."

"அஞ்சலைன்னா எழுதுங்க. இல்லன்னா வேற ஆளைக் கேளுங்க."

எழுதினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்.

அஞ்சலை என் மகள். நாற்பது வருடத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய ஆனி மாதம் வருவதற்குள், மூன்று நாள் ஜுரத்தில் போய்விட்டாள். ஆறு வயது. அவள் பிறந்ததையும் எங்கும் எழுதவில்லை, போனதையும் எழுதவில்லை. கூலிக்கு நாற்று நடப் போகிற வீட்டில் அந்தக் காலத்தில் யார் போய் எழுதினார்கள்? போட்டோவும் கிடையாது. அவள் பேர் ஒரு தாளில் ஏறியது அந்தச் சித்திரையில்தான். அது அங்கேயே இருக்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேலை போகுமே என்கிற பயம்கூட அதற்கு அடுத்ததுதான்.

அதனால் டீச்சர் முதல் நாள் ரிஜிஸ்டரைப் பிரித்தபோது நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்றேன். அவர் விரல் வைத்து ஒவ்வொரு பேராகப் பார்த்தார். கடைசிப் பேரில் விரல் நின்றது. தலையைத் தூக்கி வகுப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் தயாராக இருந்தது. அம்மை போட்டிருக்கிறது, மாமன் வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லியிருப்பேன்.

அவர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை. ரிஜிஸ்டரை மூடிப் பைக்குள் வைத்தார். கேட்டிருந்தால் பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். நாள் போகப் போகத்தான் அவர் குணம் எனக்குப் பிடிபட்டது. தெரிந்ததை அவர் கேட்கமாட்டார். அப்படியென்றால் அஞ்சலை யார் என்று அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும்? அதை நினைத்தால் சமையல்கட்டில் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே எனக்குக் கை குளிரும்.

இங்கிலீஷில் கேள்வி எழுதப் பழக்கத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் உள்ளதை எழுதினார்கள். நான்காவது படிக்கிற கிஷோர் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்த தர்ஷினியைப் பார்த்து, உன் பேர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டான். நன்றாகத்தான் கேட்டான்.

"அவ உன் சித்தப்பா பொண்ணுதா..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அதுவும் தெரிந்ததுதானே. "அவ உன் சித்தப்பா பொண்ணு. பேரு உனக்குத் தெரியும். அப்ப இது கேள்வி இல்ல கிஷோர், சும்மா சத்தம். உனக்குத் தெரியாதது ஒண்ணு கண்டுபிடிச்சிட்டு வா. இங்கிலீஷ் நான் தரேன்."

பிள்ளைகள் அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தெரியாதது எது என்று தெரியவில்லை அவர்களுக்கு. அவரும் சும்மாவே உட்கார்ந்திருந்தார். மணி மூன்று இருக்கும், தர்ஷினி மெதுவாக வந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "இது கேள்வி" என்றார். அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரிதான். ஏரியில் எத்தனை மீன்? பெரிய சார் மத்தியானம் தூங்கும்போது கண் ஏன் பாதி திறந்திருக்கிறது? ஆட்டுக்கு அதன் குட்டி செத்தது எத்தனை நாள் ஞாபகம் இருக்கும்?

எழுதுவதற்கு நோட்டு கிடையாது. டீச்சர் வீட்டார் காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி வைத்திருந்தார்கள். புடவைக் கரைக்கு டிசைன் எடுக்க வரிசையாக ஓட்டை போட்ட அட்டைகள் தறிக்கு மேலே ஓடுமே, அது பழசானால் துண்டு துண்டாக வெட்டித் துணிப்பையில் கொண்டுவருவார். காலையில் தலைக்கு ஓர் அட்டை. ஓட்டைகளுக்கு நடுவில் கிடைக்கிற இடத்தில் எழுத வேண்டும். பிள்ளைகள் ஓட்டை வழியாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

எழுதின அட்டைகளை ஒரு மண்குடத்தில் போட வேண்டும். தினம் ஒன்றைத்தான் எடுப்பார்கள். யார் கேள்வி வருகிறதோ அந்தப் பிள்ளை, பதில் தெரிந்த ஆள் யாரோ அவரிடம் போய் இங்கிலீஷில் கேட்டுவிட்டு வரவேண்டும். யார் எடுப்பது என்று பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது. டீச்சர் சமையல்கட்டுக்கு வந்தார்.

"ஆயாம்மா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. "தெரியாதுதான். அதுக்கு இன்னா இப்போ?"

"அந்தக் கைதான் வேணும். உத்திரமேரூர் கோயில் சுவத்துல வெட்டி வெச்சிருக்காங்க. அந்தக் காலத்துல ஓலையில பேரு எழுதிக் குடத்துல போடுவாங்களாம். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு கைதான் எடுக்கணுமாம். படிச்சவங்க கை எடுத்தா சந்தேகம் வந்துடும்."

வாரா வாரம் அந்தக் கோயிலைத் தாண்டித்தான் நான் சந்தைக்குப் போகிறேன். என் மாதிரிக் கைக்கு அங்கே ஒரு வேலை இருந்தது என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அன்று வந்தது கிஷோர் அட்டை. அவன் போய்க் கன்னியப்பனை இங்கிலீஷில் கேட்டான். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"இன்னாடா சொல்றான் இவன்?"

கிஷோர் தமிழில் சொன்னான். "காலைல டீ கெட்டியா கீது. சாய்ந்தரம் ஏன் தண்ணியா கீது?"

நாலு பேரும் சிரித்தார்கள். கன்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "மொதல்ல அந்த டீச்சரம்மாவ இங்கேர்ந்து மாத்துங்கப்பா. ஊர்ல ஒருத்தன் பொழைக்க முடியாது."

ஒருநாள் நான் எடுத்த அட்டையை டீச்சர் படிக்கவில்லை. நின்றபடியே ரொம்ப நேரம் பார்த்தார். பைக்குள் வைத்துக்கொண்டு, "இன்னொண்ணு எடுங்க" என்றார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே மாதிரி. பிறகு மறுபடியும். பிள்ளைகள் அட்டையில் புளி வாடை அடிக்கும், எச்சில் தொட்டு அழித்த கறை இருக்கும், சிலேட்டுக் குச்சி பிடிக்கிற மாதிரி பென்சிலை அழுத்தி அழுத்திக் கிழித்திருப்பார்கள். அவர் பைக்குள் வைத்துக்கொண்ட அட்டைகள் சுத்தமாக இருந்தன. இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் கோடு தெரியுமே. அட்டைக்கு வலிக்குமோ என்று பயந்து எழுதின மாதிரி லேசான கோடு.

குடத்தைக் கழுவி வைக்கிறது என் வேலை. ஒரு மாலை, மீதி அட்டைகளை எடுத்து வைக்கும்போது சும்மா எண்ணினேன். அன்று எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எடுத்தது ஒன்று போக பதினெட்டு இருக்க வேண்டும். பத்தொன்பது இருந்தது. மறுநாளும் எண்ணினேன். அதற்கு மறுநாளும். ஓர் அட்டை எப்போதும் கூட.

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த அம்மா எனக்கு ஜாடை காட்டுகிறது, உன் திருட்டுத்தனம் எனக்குத் தெரியும் என்று ஓர் அட்டையைக் கூடப் போட்டு விளையாடுகிறது என்று நினைத்தேன். அடுத்த நாள் அடுப்பில் பருப்பைப் போட்டுவிட்டு வாசலிலிருந்து கண் எடுக்கவில்லை. டீச்சர் அட்டை கொடுத்துக்கொண்டு வந்தார். ஜன்னலோரம், பாயின் கடைசியில், யாரும் உட்காராத இடம் ஒன்று இருந்தது. அங்கேயும் குனிந்து ஓர் அட்டையும் ஒரு பென்சில் துண்டும் வைத்தார். பிறகு போர்டுக்குப் போய்விட்டார். திரும்ப அந்தப் பக்கம் அவர் வரவில்லை. பிள்ளைகளும் போகவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து குடத்தில் போட்டார்கள். பருப்பு அடி பிடித்த வாடை வந்தது. ஒரு கண்ணிமைப்பு திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். பாயின் கடைசியில் பென்சில் மட்டும் இருந்தது.

தண்ணீர் குடிக்க வந்த தர்ஷினியை நிறுத்தினேன். மூன்றாவது படிக்கிற பெண், பொய் பேசாது.

"ஏ தர்ஷினி, அந்த ஜன்னலாண்ட யாரு குந்தறது?"

அவள் டம்ளரை வாயிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தாள். "தெரிஞ்சதைக் கேக்காத ஆயா. டீச்சர் திட்டும்."

சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையைச் செய்தேன். எனக்குப் படித்துச் சொல் என்று ஒருவரிடம் போய் நின்றவள் இல்லை நான். ரேஷன் கடைத் தாளானாலும் பேங்குத் தாளானாலும் எழுத்துக் கூட்டி நானே பார்ப்பேன், புரியாவிட்டால் மடித்து வைத்துவிடுவேன். இவரிடம் மட்டும் எதற்கு? ஆனால் ஒவ்வொரு நாளும் குடத்துக்குள் கை விடும்போது விரல்கள் தானாகவே லேசான கோட்டைத் தேடின. உள்ளே எல்லா அட்டையும் ஒன்றுதான், ஓட்டை ஓட்டையாக.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. ஒரு மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டுக் கழுவப் போயிருந்தார்கள். டீச்சர் பாயில் உட்கார்ந்திருந்தார். முன்னால் போய் நின்றேன். அவர் என்ன என்று கேட்கவில்லை, அவர் கேட்கமாட்டாரே. கடைசியில் கேட்டேன்.

"அதுல இன்னா எழுதிகீது?"

"இது கேள்வி" என்றார், பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில். பாயில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

பையிலிருந்து ஒரு கட்டு அட்டை எடுத்தார். நான் எடுத்தவற்றோடு மீதியில் கிடந்தவற்றையும் பொறுக்கி வரிசையாகவே வைத்திருந்தார். முதல் பத்துப் பன்னிரண்டு அட்டையில் வெறும் கோடு. ஓட்டையைச் சுற்றிச் சுற்றி வட்டம். பிறகு ஒற்றை ஒற்றை எழுத்து, சிலது தலைகீழாக. "ஆடி மாசம் பூரா இப்படித்தான். கூட இருந்த புள்ளைங்கள பாத்துப் பாத்துக் கத்துக்கிச்சு. இங்கதான் முதல் கேள்வி" என்று ஓர் அட்டையைக் காட்டினார். "இந்த மரத்துக்குப் பேரு என்ன?"

"நல்லா எழுதறாளா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் யாரைக் கேட்டேன் என்று எனக்கே உறைத்தது.

"இந்த இஸ்கூல்ல முதல்."

என் முதுகு நிமிர்ந்துவிட்டது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? பயம் இருந்தது. ஆனாலும் நிமிர்ந்தது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒருவரும் பள்ளிக்கூடத்துப் பாயில் உட்கார்ந்ததில்லை. என் பெண் இங்கிலீஷில் எழுதுகிறாள்.

"இன்னும் படிங்க."

ஏன் என் பேரைக் கூப்பிடறதில்ல? இது ஓர் அட்டை. மழை வந்தா எங்க போறது? இன்னொன்று. அடுத்ததை எடுத்தவர் படிக்காமல் வைத்திருந்தார். நான் அதையே பார்த்தேன். "சோறாக்கற அந்தக் கெழவி யாரு?" என்று படித்தார்.

தெரிந்ததைக் கேட்கக்கூடாது என்பதுதான் அந்த வகுப்பின் சட்டம். ஆகவே அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவள் போகும்போது எனக்கு இருபத்தைந்து வயது. தலை கருகருவென்றிருக்கும்.

மிச்சம் இருந்தவை எல்லாம் ஒரே கேள்வி. ஏழெட்டு அட்டை. "எப்போ வூட்டுக்குப் போலாம்?"

"எல்லாப் புள்ளைங்களும் முதல் வாரம் இதைத்தான் எழுதும்" என்றார் டீச்சர். "நான் ஒத்துக்கமாட்டேன். நாலு மணிக்கு மணி அடிப்பாங்க, வீட்டுக்குப் போவோம்னு எல்லாருக்கும் தெரியும். இது தெரியாம கேக்குது ஆயாம்மா."

"நீங்க சொல்றதுதானே."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்கதான் சொல்லணும்."

நான் எழுந்து வந்துவிட்டேன். எனக்குப் பதில் தெரியும். பேரை எழுதச் சொன்னவள் நான். அந்தப் பேரை அடிக்கச் சொன்னால் முடிந்தது, அவள் போய்விடலாம். ஆனால் சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் பள்ளிக்கூடம் போகும், பிள்ளைகள் லாரி ரோட்டைத் தாண்டுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது வேறு. நாற்பது வருடம் கழித்துக் கிடைத்தவள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், இன்னும் நாலு எழுத்து கற்றுக்கொள்ளட்டும். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் தினம் அந்த ஜன்னலோரத்தைப் பார்த்துக்கொண்டேதான் சோறு வடித்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெயில் மட்டும் விழும்.

தை மாதம், தலைகளை எண்ண ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தது. பெரிய சாருக்கு வேர்த்துவிட்டது. "ஆயாம்மா, ஒரு நாளைக்கு ஒரு பொண்ணைக் கூட்டிக்கினு வா. அஞ்சலைன்னு கூப்பிட்டா எந்திரிச்சி உள்ளேன் ஐயான்னா போதும்." பக்கத்து ஊரிலிருந்து என் தம்பி மகன் பெண்ணைக் கூட்டிவந்தேன். ஜன்னலோரத்தில் உட்கார வைத்தோம். உட்கார்ந்த மாத்திரத்தில் எழுந்துவிட்டது.

"இங்க எடம் இல்ல" என்றது.

"அம்மாம் எடம் கீதே, குந்து" என்றார் பெரிய சார், எங்கள் பேச்சிலேயே.

"இல்ல. நெருக்குது." தர்ஷினி நகர்ந்து அதைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் எப்போதும் போல அட்டை கொடுத்தார். இருபத்தொன்று கொடுத்தார்.

ஆபீசர் நல்ல மனிதர். அதட்டவில்லை. பேர் படித்தார். "அஞ்சலை" என்றார். எங்கள் உறவுப் பெண் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்றது. பெரிய சாருக்கு மூச்சு வந்தது. எனக்கு யாரோ என் கையிலிருந்து எதையோ பிடுங்கின மாதிரி இருந்தது. ஆபீசர் டிக் அடித்தார். பிறகு வகுப்புக்குள் நடந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே பாயில் கிடந்த அட்டையைப் பார்த்து, "என்ன எழுதறீங்க, பார்ப்போம்" என்று குனிந்து எடுத்தார். இங்கிலீஷில் படித்தார். சிரித்தார்.

"எப்ப வீட்டுக்குப் போலாமாம். நல்ல கேள்வி. நாலு மணிக்குத்தான் கண்ணு, அதுக்கு முன்னாடி கிடையாது" என்றார், பொதுவாக எல்லாரையும் பார்த்து. பெரிய சாரும் கூடச் சிரித்தார்.

பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர் சிரிக்கவில்லை. பத்தொன்பது பிள்ளைகளும் திரும்பி சமையல்கட்டு வாசலைப் பார்த்தார்கள். என்னை.

"சார்" என்றேன். கையில் கரண்டி இருந்தது. "அந்தப் பொண்ணு அஞ்சலை இல்ல. என் தம்பி வூட்டுப் பேத்தி. அஞ்சலை எம் பொண்ணு. பேரு நான் குடுத்தது. அது செத்து நாப்பது வருசம் ஆவுது. பேரை அடிச்சிடுங்க."

ஆபீசர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "அப்ப இதை யாரு எழுதினது?" என்று டீச்சரைக் கேட்டார். நிஜக் கேள்விக்கு டீச்சர் பதில் சொல்லாமல் இருந்ததை அன்று ஒருநாள்தான் பார்த்தேன். ஆபீசர் அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தார், ரொம்பப் பத்திரமாக. ரிஜிஸ்டரை வாங்கிச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். நான் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். கோடு பேரின் நடுவில் போனது. எழுத்து அடியில் தெரிந்தது. சாப்பிடச் சொன்னோம், வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம் குடத்தைக் கழுவும்போது நான் எண்ணவில்லை. டீச்சரும் ஜன்னலோரத்தில் அட்டை வைப்பதை நிறுத்திவிட்டார். நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏன் வைக்கவில்லை என்று கேட்கவும் இல்லை.

பெரிய சாருக்கு மெமோ வந்தது. கோடை விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறக்காது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிட்டோம் என்று தாள் வந்தது. பிள்ளைகளின் அம்மாக்கள் என் வாசலில் வந்து ஏசிவிட்டுப் போனார்கள். ஏசட்டும், அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. கன்னியப்பன் மட்டும் ஒவ்வொரு நாளும், "இன்னா ஆயா, வாயை வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம் இல்ல?" என்பான். நான் பதில் சொல்வதில்லை. அது கேள்வி இல்லை.

சித்திரையில் கடைசி நாள், டீச்சரை பஸ் ஏற்ற நானும் தர்ஷினியும் போனோம். வெயில் கொளுத்தியது. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்து நின்றவர், என் பக்கம் திரும்பினார். பத்து மாதத்தில் அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்று கேட்டார்.

"அவ எப்படி இருப்பா ஆயாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் இவர் பார்க்கவே இல்லை. வெறும் பாயில், இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே, தினம் குனிந்து அட்டை வைத்திருக்கிறார்.

சொல்ல வாய் திறந்தேன். முகம் வரவில்லை. அவள் பாவாடை வந்தது, கால் கொலுசு வந்தது, முதுகு வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. நாற்பது வருடத்தில் எப்போது அழிந்தது என்றுகூடத் தெரியவில்லை.

"தெரியலை டீச்சர்" என்றேன்.

தர்ஷினி என் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "கறுப்பு" என்றாள். "சப்பை மூக்கு. முன்பல்லு ரெண்டும் இல்ல. சிரிச்சா கையால மூடிக்கும்."

பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

ஜுரம் வருவதற்கு முந்தின வாரம்தான் அந்த இரண்டு பல்லும் விழுந்தன. சாணியில் பொதிந்து, கூரைமேல் எறிந்தது நான்தான்.